இரண்டாவது சங்கு

ஒரே கயிற்றில், ஒரே இழுப்பில், ஆயிரம் பேரைத் தூக்கில் போட்டவன் நான். அந்த ஆயிரத்தில் ஒருவர்கூடச் சாகவில்லை என்பது வேறு விஷயம். ஆயிரம் பேரும் அன்று மத்தியானம் கடற்கரையில் உட்கார்ந்து சுட்ட சூரை மீன் தின்று, விரலை நக்கி, ஏப்பம் விட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். இத்தாலிக் கரையில் எந்தக் கிரேக்க ஊரிலும் இப்படி ஒரு சாதனையைச் செய்த சேவகன் கிடையாது. சிசிலியிலும் விசாரித்துவிட்டேன், கிடையாது.

என் பெயர் மிக்கோன். லோக்ரி நகரத்து ஆயிரவர் அவையில் நாற்பது வருடம் கயிற்றுச் சேவகனாக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் ஊரில் புதுச் சட்டம் கொண்டுவர ஆசைப்படுகிறவன் கழுத்தில் சுருக்கை மாட்டிக்கொண்டுதான் அவையில் பேச வேண்டும். அவை ஏற்றுக்கொண்டால் சுருக்கைக் கழற்றி வீட்டுக்கு அனுப்புவோம். ஏற்காவிட்டால் அங்கேயே, அப்போதே, இழுத்து முடித்துவிடுவோம். அதனால் எங்கள் ஊரில் சீர்திருத்தக்காரர்கள் ரொம்பக் குறைவு. நாற்பது வருடத்தில் நான் பார்த்த வேலையில் முக்கால் பங்கு அந்தக் கயிற்றுக்கு ஆலிவ் எண்ணெய் தடவியதுதான். அந்த எண்ணெயைச் சேர்த்து வைத்திருந்தால் துறைமுகத்தில் இன்னொரு துறைமுகம் கட்டி அதில் கப்பல் விட்டிருக்கலாம்.

இந்தக் கதையைக் கடைசிவரை கேட்டவர்கள் எல்லாரும் நம்பியிருக்கிறார்கள். நம்பாதவர் சோசிலாஸ் ஐயா ஒருவர்தான். அவர் கடைசிவரை கேட்டதே இல்லை. ஊரை ஆளுகிற நூறு பெரிய வீடுகளில் ஒன்றில் பிறந்தவர், அந்த ஆயிரவரில் ஒருவர். வாலிபத்தில் குரோத்தோன் நகரத்துக்குப் போய் ஆறு வருடம் ஞானிகளிடம் பாடம் கேட்டுவிட்டு வந்தவர். கதை ஓர் இடத்துக்கு வந்ததும் "பொய்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவார். முப்பது வருடமாக அதே இடம்.

இந்த வருடம் அவருக்கு முட்டி வீங்கிவிட்டது. காடியில் நனைத்த கம்பளியைச் சுற்றிக்கொண்டு துறைமுகப் படிக்கட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். காலையில் இரண்டு அடிமைகள் தூக்கி வந்து வைத்துவிட்டுப் போனார்கள். சாயங்காலம்தான் வருவார்கள். அப்போது காற்றுக்காகக் காத்திருந்த தாரஸ் நகரத்துக் கப்பல்காரர் ஒருவர் வந்து கீழ்ப்படியில் உட்கார்ந்தார்.

"அப்புறம் பெரியவரே, ஊர்ல என்ன புதுசு?"

"மெதுவா தம்பி, மெதுவா!" என்று அவர் வாயைப் பொத்தாத குறையாகச் சொன்னேன். "இந்த ஊர்ல அப்படிக் கேட்டா அபராதம். புதுசுன்னு ஒண்ணு கிடையாது இங்க. பழசு கேளு, எவ்வளவு வேணும்னாலும் தர்றேன். ஒரே இழுப்புல ஆயிரம் பேரைத் தூக்குல போட்டவன் நான், தெரியுமா?"

"ஆரம்பிச்சுட்டான்" என்றார் சோசிலாஸ் ஐயா. "கேளுப்பா, கேளு. கூலி வாங்காம பொய் சொல்றவன் இந்தக் கரையில இவன் ஒருத்தன்தான்."

"ஐயாவும் அந்த ஆயிரத்துல ஒருத்தர்" என்றேன்.

கப்பல்காரர் ஐயாவின் கழுத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் கதையைத் தொடங்கினேன்.

தோரியோன் என்று ஒரு சூளைக்காரன் இருந்தான். பெர்செஃபோனே தேவி கோயிலில் காணிக்கை வைக்கிற சுடுமண் பலகைகளைச் செய்கிறவன். அவன் பலகையில் தேவி சேவலை ஏந்தி உட்கார்ந்திருப்பாள். அந்தச் சேவல் விடியற்காலையில் கூவும். என் மனைவி மூன்று வருடம் அதைக் கேட்டுத்தான் எழுந்து மாவு பிசைந்தாள். அவனுக்கு லாமிஸ் என்று ஒரு தம்பி. தங்கமான ஆள். ஈ கடித்தால் ஈயிடம் மன்னிப்புக் கேட்பான். ஆனால் தண்ணீர் கலக்காத மதுவின் வாசனை மூக்கில் ஏறிவிட்டால் அவன் கால்கள் அவன் பேச்சைக் கேட்காது.

எங்கள் ஊரில் வைத்தியர் சொல்லாமல் கலக்காத மது குடித்தால் மரணம். லாமிஸுக்கு அது நன்றாகத் தெரியும். அந்த வருடம் புது மது ஜாடிகளைத் திறப்பதற்கு முந்தைய நாள் அவனே அண்ணனிடம் வந்து, "அண்ணே, என்னைக் கட்டிப் போடு. நாளைக்கு ஜாடி திறக்கறாங்க" என்றான். தோரியோன் அவன் மணிக்கட்டில் கம்பளியைச் சுற்றி, அதன்மேல் கயிறு போட்டு, சூளைத் தூணோடு கட்டி வைத்தான். பக்கத்து வீட்டுக்காரன் போய்ச் சொல்லிவிட்டான். சுதந்திர மனிதனைக் கட்டி வைப்பது குற்றம் என்று அதிகாரிகள் வந்து அவிழ்த்தார்கள். "அவுக்காதீங்கய்யா, காலைப் பிடிச்சுக் கேக்கறேன்" என்று லாமிஸ் அலறினான். சட்டம் அவன் அலறலைக் கேட்கவில்லை. மறுநாள் மத்தியானத்துக்குள் அவனை ஒரு ஜாடியின் பக்கத்தில் பிடித்தார்கள். மரணம் என்று தீர்ப்பும் ஆகிவிட்டது.

அந்தத் தீர்ப்பை நிறைவேற்றும் முன்பே தோரியோன் அவைக்கு மனுக் கொடுத்தான். தன்னைக் கட்டி வைக்கும்படி கேட்கிறவனை ஊர் கட்டி வைக்க வேண்டும். கேட்டும் கட்டாமல் விட்டால் அவன் குடித்ததற்கு ஊர் அவனைக் கொல்லக் கூடாது. சட்டம் இவ்வளவுதான், இரண்டே வரி. நிறைவேறினால் லாமிஸுக்கு உயிர் கிடைக்கும். நிறைவேறாவிட்டால் இரண்டு கழுத்தும் போகும்.

முறைப்படி நான் முந்தைய நாள் கழுத்தளவு எடுக்கச் சூளைக்குப் போனேன். சோசிலாஸ் ஐயா ஏற்கெனவே அங்கே உட்கார்ந்து பாடம் நடத்திக்கொண்டிருந்தார்.

"தோரியோன், நல்லது எதுன்னு நிஜமாவே தெரிஞ்சவன் கெட்டதைச் செய்ய மாட்டான். செய்ய முடியாது. உன் தம்பிக்குத் தெரிஞ்ச மாதிரி இருந்துச்சு. தெரியல. அவ்வளவுதான் விஷயம்."

"தெரியும்ய்யா. அழுதுகிட்டே குடிச்சான். நான் பார்த்தேன். ஒவ்வொரு மடக்குக்கும் ஐயோ ஐயோன்னான். தெரியாதவன் எதுக்குய்யா அழுவான்?"

"அது கண்ணீர்டா. அறிவு இல்ல."

"உங்களுக்கு ஒரு நாளும் அப்படி ஆனதில்லையா? தப்புன்னு தெரியும், ஆனாலும் கை போயிடும்?"

ஐயா கொஞ்ச நேரம் யோசித்தார். அவருடைய நேர்மையை நான் குறை சொல்ல மாட்டேன். உண்மையிலேயே தேடிப் பார்த்தார். "இல்ல" என்றார். "ஒரு தடவைகூட இல்ல."

"ஒரு சாண், எட்டு விரல்" என்றேன் நான், தோரியோனின் கழுத்திலிருந்து கயிற்றை எடுத்தபடி. பேச்சை மாற்றத்தான்.

ஐயா எழுந்தார். "உன் வாதம் தப்பு. ஆனா நீ கொண்டு வர்ற சட்டம் நல்ல சட்டம். நாளைக்கு நான் உட்கார்ந்தே இருப்பேன். என் வரிசையும் உட்காரும். பயப்படாதே."

எங்கள் அவையில் ஏற்றுக்கொள்கிறவன் உட்கார்ந்திருப்பான், மறுக்கிறவன் எழுந்து நிற்பான். தலைவர் தன் கோலால் தரையில் மூன்று தட்டுத் தட்டுவார். மூன்றாம் தட்டின்போது எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதுதான் கணக்கு. நடுவில் மனசு மாறினால் எழலாம், உட்காரலாம். மனிதர்கள் மேல் எங்கள் ஊருக்கு முதன்முதலில் சட்டம் எழுதிய பெரியவர் காட்டிய கருணை அந்த மூன்று தட்டு மட்டும்தான்.

மறுநாள் காலை அவை கூடியது. மலைச்சரிவில் கல் படிகள், கீழே கடல். தோரியோன் சுருக்கோடு நின்றான், முனை என் கையில். அவனுக்குப் பேசத் தெரியாது. "என் தம்பி கட்டச் சொன்னான். கட்டினேன். நீங்க அவுத்தீங்க" என்றான். அதையே நாலு விதமாகச் சொன்னான். அதற்கே அவை அழுதது. எப்படி அழுதது என்கிறீர்கள்! படிகளில் கண்ணீர் அருவியாக இறங்கி வந்தது. கயிறு நனையாமல் இருக்க நான் அதைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டேன். முன் வரிசையில் ஐயா கையைக் கட்டிக்கொண்டு, பாறை மாதிரி உட்கார்ந்திருந்தார். ஆயிரம் பேரும் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு முட்டிகூட அசையவில்லை.

தலைவர் கோலைத் தூக்கினார். அப்போது கடல்முனைப் பரணிலிருந்து சங்கு ஊதியது.

"ஊதல!" என்றார் சோசிலாஸ் ஐயா. அவருடைய இடம் வந்துவிட்டது. "பொய்! அன்னிக்குச் சங்கே ஊதல. தம்பி, நான் அங்க இருந்தவன், கேளு. அவை யோசிச்சுப் பார்த்து, சட்டம் சரியில்லைன்னு மறுத்துச்சு."

"நீங்களும் எழுந்தீங்களா?" என்று கேட்டார் கப்பல்காரர்.

"எழுந்தேன். யோசிச்சு எழுந்தேன்."

"உட்காருவேன்னு சொன்னீங்கன்னு இவர் சொல்றாரே?"

"சொன்னேன். அவன் பேச்சைக் கேட்டப்புறம் மனசு மாறுச்சு. மாறக் கூடாதா?" என்று எழப் பார்த்தார். முட்டி விடவில்லை. கம்பைக் கல்லில் ஊன்றிப் பார்த்தார், அப்படியும் முடியவில்லை. "எவனாவது இவன் வாயில மண்ணைப் போடுங்கடா" என்று முனகிவிட்டுக் கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். முப்பது வருடத்தில் முதல் முறையாக அவர் மீதிக் கதைக்கு மாட்டிக்கொண்டார்.

"அதென்ன சங்கு?" என்றார் கப்பல்காரர்.

சூரை வருகிற மாதம் அது. மீன் கூட்டம் வளைகுடாவுக்குள் நுழைந்தால் பரண்காரன் முதல் சங்கு ஊதுவான். வலை மூடினால் இரண்டாவது சங்கு. அதற்குள் யார் வலைக்கயிற்றைத் தொட்டார்களோ அவர்களுக்குத்தான் பங்கு. செல்வந்தனானாலும் சரி, என்னைப் போன்றவனானாலும் சரி. அந்த வருடத்துச் சூரை ஒவ்வொன்றும் ஒரு கோயில் அகலம். அந்த மீன்கள் உள்ளே வந்தபோது கடல் மட்டம் உயர்ந்து துறைமுகத்துப் படகுகள் கூரைகளின்மேல் ஏறி உட்கார்ந்தன.

சங்கு ஊதியதும் ஆயிரம் பேரும் எழுந்தார்கள்.

அதில் ஒரு முகமாவது தோரியோனைப் பார்க்கிறதா என்று நான் தேடினேன். இல்லை. ஆயிரம் முகமும் கடலைப் பார்த்துத் திரும்பியிருந்தது. தலைவர் ஓங்கிய கோலை அப்படியே கீழே இறக்கினார். அது முதல் தட்டு. அப்போதுதான் அவர்களுக்கு உறைத்தது, தாங்கள் நிற்கிறோம், இது எண்ணப்படுகிறது என்று. நான் அவர்கள் முகத்தைப் பார்த்தேன். எல்லாருக்கும் தெரிந்தது. உட்கார்ந்தால் போதும், வேறொன்றும் செய்ய வேண்டாம். ஒவ்வொருவனும் பக்கத்தில் இருப்பவனைப் பார்த்தான். தான் உட்கார்ந்து, அவன் முந்தி ஓடிவிட்டால்? இரண்டாம் தட்டு. மூன்றாவது வரிசையில் ஒருவருக்கு முட்டி பாதி மடங்கியது. பிறகு நிமிர்ந்துகொண்டது. மூன்றாம் தட்டு.

எண்ணுவது சுலபமாக இருந்தது. தலைவரே பாதிப் படி இறங்கியிருந்தார். "மிக்கோன், முடிச்சிட்டு வந்துடு" என்று திரும்பிப் பார்க்காமல் சொன்னார். "சீக்கிரம் வா. உன் பங்கு போயிடும்."

மூச்சு விடும் நேரத்தில் மலைச்சரிவு காலி. நூற்று எழுபது செருப்புகள், இரண்டு கைத்தடிகள், ஒரு பொய்ப்பல். அப்புறம் நான், தோரியோன், எங்கள் நடுவில் கயிறு.

"அண்ணே" என்றான். "அவங்க எனக்காக எழுந்திருக்கல."

"தெரியும்."

"மீனுக்கு எழுந்தாங்க."

"தெரியும் தம்பி."

"அப்போ கொஞ்சம் பொறு. தின்னுட்டு வரட்டும். வயிறு நிறைஞ்சா வெட்கம் வரும். திரும்பி வந்து உட்காருவாங்க. நீ இழுக்கலைன்னா அவங்களுக்கும் நிம்மதிதான்."

அவன் சொன்னது சரி. அன்று அவையில் பேசியதையெல்லாம்விடச் சரியான பேச்சு. உடனே இழுக்க வேண்டும் என்பது சட்டம்தான். ஆனால் பார்க்க யாரும் இல்லை. நான் சுருக்கை இரண்டு விரல் அளவு தளர்த்தினேன். இருவரும் கல்லில் உட்கார்ந்தோம்.

"லாமிஸைக் கட்டினப்ப கம்பளி வெச்சுத்தான் கட்டினேன்" என்றான். "வலிக்கக் கூடாதுன்னு."

"நல்லதுதான் செஞ்சே."

கீழே கூச்சல் கேட்டது. கரையில் தீ மூட்டி, முதலில் சிக்கிய மீனைச் சுடத் தொடங்கிவிட்டார்கள். காற்று அந்தப் புகையைச் சரிவுக்குத் தூக்கி வந்தது. வீட்டில் பசி என்று நான் சொல்லிக்கொள்ளலாம். பசி இல்லை. காலையில் நாலு வாற்கோதுமை ரொட்டியும் ஒரு பிடி அத்திப்பழமும் தின்றிருந்தேன். மனைவிக்கு மீனே பிடிக்காது. என் வாயில் உமிழ்நீர் ஊறியது, அவ்வளவுதான். அதைத் தவிர ஒரு காரணமும் கிடையாது. இத்தனை வருடம் தேடிவிட்டேன்.

அங்கிருந்து பரண் தெரியும். பரண்காரன் சங்கை எடுத்து அங்கியில் துடைப்பது தெரிந்தது. ஓடினால் பிடித்துவிடலாம். ஆனால் கயிற்று வேலையை முடிக்காமல் சேவகன் அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது. நான் எழுந்தேன்.

தோரியோன் என்னை நிமிர்ந்து பார்த்தான். என் கையைப் பார்த்தான். பரணைத் திரும்பிப் பார்த்தான். புரிந்துகொண்டான். புத்திசாலிப் பையன்.

"அழாதே அண்ணே" என்றான்.

அழுதுகொண்டுதான் இழுத்தேன்.

அப்புறம் ஓடினேன். இந்தக் கால்கள் அன்று ஓடிய வேகத்தில் ஒலிம்பியாவில் ஓடியிருந்தால் எனக்குச் சிலை வைத்திருப்பார்கள். வலைக்கயிற்றில் என் கை பட்டதும் இரண்டாவது சங்கு ஊதியது. வயிற்றுப் பக்கத்துத் துண்டு கிடைத்தது, கொழுப்பு உள்ள இடம். உப்பும் எள்ளும் போட்டுச் சுட்டிருந்தார்கள். தொண்டையில் இறங்கவில்லை என்று நான் சொன்னால் உங்களுக்குப் பிடிக்கும். இறங்கியது. அவ்வளவு ருசியான மீனை நான் அதற்கு முன்பும் தின்றதில்லை, பின்பும் தின்றதில்லை. கரையில் யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. தலைவர் மட்டும் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தார்.

மறுநாள் லாமிஸ் போனான். அவனை நான் பார்க்கவில்லை, அது வேறு சேவகன் வேலை.

அவை சும்மா இருக்கவில்லை. அடுத்த கூட்டத்திலேயே ஒரு தீர்மானம் கொண்டுவந்தார்கள். இனிமேல் சூரை மாதத்தில் அவை கூடாது. அது சட்டம் இல்லை, வெறும் நடைமுறைதான் என்று முதலில் தீர்மானித்துக்கொண்டார்கள். அதனால் யார் கழுத்திலும் கயிறு போட வேண்டியிருக்கவில்லை. ஆயிரம் பேரும் அழகாக உட்கார்ந்தே நிறைவேற்றினார்கள்.

"அந்த ஆயிரம் பேர்தான் தம்பி" என்றேன் கப்பல்காரரிடம். "அதுக்கப்புறம் எவனும் எவன் முகத்தையும் நேராப் பார்த்துப் பேசி நான் பார்த்ததில்ல. அந்தக் கயிறு எல்லாருக்கும் சேர்த்துத்தான்."

கப்பல்காரர் சிரிக்கவில்லை.

சோசிலாஸ் ஐயா இன்னும் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நீ அழுதியா?" என்றார்.

"ஆமாய்யா."

"இழுக்கறதுக்கு முன்னாலயா, பின்னாலயா?"

"இழுக்கும்போதே."

"அப்போ உனக்குத் தெரிஞ்சிருக்கு."

"தெரியும்ய்யா."

"தெரிஞ்சா இழுத்தே?"

"தெரிஞ்சுதான் இழுத்தேன்."

அவர் தலையை மெல்ல ஆட்டினார். "இல்ல. உனக்குத் தெரிஞ்ச மாதிரி இருந்திருக்கும். நல்லா யோசிச்சுப் பாரு. நிஜமாவே தெரிஞ்சா ஒரு மனுஷன்..."

அப்போது கடல்முனையில் சங்கு ஊதியது. இது சூரை மாதம்தானே. அவை கூடாத மாதம்.

தாரஸ்காரருக்கு அந்தச் சத்தம் ஒன்றுமில்லை. அவர் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்து, எங்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஏனென்றால் நாங்கள் இரண்டு பேரும் நின்றுகொண்டிருந்தோம். நான் எழுந்தது எனக்கே தெரியவில்லை. அதுகூடப் பரவாயில்லை, எனக்குக் கால் நன்றாக இருக்கிறது. காலையில் இரண்டு ஆள் தூக்கி வந்து வைத்த சோசிலாஸ் ஐயா, கம்பு படியில் உருண்டு விழ, கம்பளி அவிழ்ந்து தொங்க, நெட்டுக்குத்தாக நின்றார். எனக்கு முன்னாலேயே எழுந்திருந்தார். முகம் கடலைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

பிறகு குனிந்து தன் முட்டியைப் பார்த்தார். நான் கையைக் கொடுத்தேன். பிடித்துக்கொள்ளவில்லை.

"ஊதுச்சு" என்றார். "அன்னிக்கும் ஊதுச்சுடா மிக்கோன். முதல்ல எழுந்தவன் நான்தான். மூணு தட்டும் எனக்குக் கேட்டுச்சு."